வார்டுக் கதவைத் திறந்த பணம்

நியூ ஜெர்சி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. அதற்காக நாம் எத்தனை நோயாளிகளைத் திட்டியிருப்போம்! நான் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறேன். முதியோருக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை வந்துவிட்டது. இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கைமேல் பலன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பல், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி எதற்கும் அது பணம் தராது. வயதானவர்களுக்கு இவை தேவைப்படாது என்று எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ!

"அவ்வளவு பணக்கார நாட்டில் வைத்தியத்துக்குக்கூடச் சங்கம் சேர்ந்து போராட வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். 2017இல் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். மருத்துவ இயக்குநரக வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தபோது தண்ணீர் பாட்டில்களோடு போய் நின்றவள் நீ. உனக்குச் சுருக்கமாகப் பதில் எழுதினால் சண்டைக்கு வருவாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வைத்தியம் வேலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு பேசித் தங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் வாங்கிக் கொடுத்தன. ஆனால் தொழிலாளி ஓய்வு பெற்ற பிறகு? உடம்பு படுத்த ஆரம்பிக்கும் வயதில் பெரும்பாலோருக்குக் கையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கேதான் சங்கங்கள் இறங்கின. ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தூண்டுதலில் 1957இல் ஃபோரண்ட் என்ற காங்கிரஸ் (இங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) உறுப்பினர் முதியோர் மருத்துவக் காப்பீட்டு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நகரவில்லை. பிறகு 1961இல் ஓய்வு பெற்றவர்களைத் திரட்ட ஒரு தேசிய அமைப்பு உருவானது. அதற்குப் பின்னால் நின்றது தொழிற்சங்கங்களின் பணமும் ஆள்பலமும்தான்.

எதிரே நின்றது அமெரிக்க மருத்துவர் சங்கம். அவர்கள் செய்த வேலையைக் கேள். அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகனைப் பேசவைத்து, இந்தத் திட்டம் சோஷலிசத்தில் கொண்டுபோய் விடும் என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்தாரைக் காப்பிக்கு அழைத்து, அந்தத் தட்டைச் சுழலவிட்டு, எல்லோரையும் காங்கிரசுக்குக் கடிதம் எழுதவைப்பார்கள். 1962 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏறக்குறைய 20,000 முதியவர்கள் நடுவே அதிபர் கென்னடி இந்தத் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். கூட்டம் கலைந்ததும் அதே அரங்கை மருத்துவர் சங்கம் வாடகைக்குப் பிடித்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் தங்கள் டாக்டர் ஒருவரை நிறுத்திப் பேசவைத்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. சாமர்த்தியசாலிகள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைக்காதே. தென் மாநிலங்களில் அந்தச் சங்கத்தின் கிளைகள் பல, கறுப்பின டாக்டர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கம் மெடிகேரை ஆதரித்தது.

1965 ஜூலை 30 அன்று மெடிகேர் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். வழக்கமாகக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. சட்டம் வந்தாயிற்று, அட்டையும் வரப்போகிறது. ஆனால் அந்த அட்டையோடு ஒரு கறுப்பினப் பாட்டி மிசிசிப்பியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கை கொடுப்பார்களா? 1946இல் மத்திய அரசு மருத்துவமனை கட்டப் பணம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தபோதே, இனவாரியாகத் தனித்தனிக் கட்டடம் கட்டிக்கொள்ளலாம் என்று அதில் எழுதிவைத்திருந்தார்கள். வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவரிடம் பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சலோடு ஒரு நோயாளி வந்தார். கறுப்பர்களுக்கான ஆஸ்பத்திரியில் இடமில்லை. அரசுப் பணம் வாங்கிய வெள்ளையர் ஆஸ்பத்திரியோ சேர்க்க மறுத்தது. சிம்கின்ஸும் சக மருத்துவர்களும் வழக்குப் போட்டு 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டே, அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இன பேதம் பார்க்கக் கூடாது என்ற பிரிவு சிவில் உரிமைச் சட்டத்தில் வந்தது.

இந்தப் பிரிவையும் மெடிகேர் பணத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் சூட்சுமம். பேதத்தை ஒழித்ததாக உறுதிப் படிவம் கொடுத்து அதை நிரூபிக்காத ஆஸ்பத்திரிக்கு 1966 ஜூலை 1 முதல் ஒரு காசு கிடையாது. சோதனை போட ஆள் போதாமல் மற்ற துறைகளிலிருந்தெல்லாம் ஊழியர்களைத் திரட்டி அனுப்பினார்கள். சோதனை நாளன்று மட்டும் கறுப்பின நோயாளிகளை வெள்ளையர் வார்டுக்கு மாற்றிப் படுக்கவைத்து நாடகம் போட்ட இடங்களும் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் புது பெட்ஷீட் விரிப்பது உனக்கும் எனக்கும் தெரியாதா என்ன! அந்த நாடகத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கேயே தரை துடைத்தவர்களும் சமையல் கட்டில் நின்றவர்களும். வேலை போய்விடும் என்று தெரிந்தும் ரகசியமாகத் தகவல் சொன்னார்கள். உள்ளூர் சிவில் உரிமை அமைப்புகளும் புகார்களைத் திரட்டிக் கொடுத்தன. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் மாறின. அறவுரைக்கு அசையாதவர்கள் பணம் நின்றுவிடும் என்றதும் அசைந்தார்கள். ஆனால் டாக்டர்களின் சொந்த கிளினிக்குகளுக்கு அந்த நிபந்தனையைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அங்கே தனித்தனிக் காத்திருப்பு அறைகள் இன்னும் பல காலம் இருந்தன.

பிறகு 1969இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கறுப்பினப் பெண் ஊழியர்களுக்கு மணிக்கு 1 டாலர் 30 சென்ட் கூலி. பெரும்பாலான தொழில்களுக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ 1 டாலர் 60. சங்கம் சேர முயன்ற 12 பேரை வெளியே அனுப்பியதும் 400க்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மேரி மோல்ட்ரி என்ற ஊழியர் முன்னே நின்றார். நியூயார்க்கிலிருந்து 1199 என்ற ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் மனைவி கொரெட்டா ஊர்வலத்தில் நடந்தார். ராணுவக் காவல் படை தெருவில் நின்றது. மூன்று மாதத்துக்கும் மேல் இழுத்த பிறகு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கூலியையும் உயர்த்தினார்கள். அதற்கும் வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு பணத்தை நிறுத்துவேன் என்று மிரட்ட வேண்டியிருந்தது. ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

காப்பீடு இல்லாதவர்களுக்கும் காப்பீடு கிடைக்கச் செய்யும் அதிபர் ஒபாமாவின் மசோதா வந்தபோது நானே சங்கக் கூட்டங்களுக்குப் போனேன். "நமக்குத்தான் நல்ல இன்சூரன்ஸ் இருக்கிறதே, ஊராருக்காக நாம் ஏன் அலைய வேண்டும்?" என்று ஒரு சீனியர் நர்ஸ் கேட்டாள். செலவு மிகுந்த காப்பீடுகளுக்கு வரி போடப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு. சங்கங்களுக்கே அதில் கோபம். தென் கரோலினாவிலிருந்து வந்த வார்டு உதவியாளர் ஒருத்தி எழுந்தாள். "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என் பாட்டி தரை துடைத்தாள். அவளுக்கு நெஞ்சுவலி வந்தபோது அங்கே படுக்கை கொடுக்கவில்லை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை நோட்டீஸ் கொடுக்க அந்த சீனியரும் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

2010 மார்ச்சில் அது சட்டமானது. அரசே ஒரு காப்பீட்டை நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை வழியிலேயே கைவிட்டார்கள். ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே மறுத்த மாநிலங்களின் பட்டியலைப் பார்: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா. அன்று வார்டுக் கதவை அடைத்து வைத்திருந்த அதே ஊர்கள். தற்செயல் என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உன் தம்பி மகளின் பணி நிரந்தரம் என்னவாயிற்று? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. வாக்கரைச் சீக்கிரம் தூக்கிப் போட அவசரப்படாதே. டிசம்பரில் வருகிறேன், உனக்கு வலி மாத்திரை எதுவும் வாங்கி வரமாட்டேன், கேட்காதே.

அன்புடன்,
மேகலா