சாரத்தைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புத்தகம், ஆசிரியர், வாதம் எல்லாமே நடுவில் தொங்கும் திரைகள், சாரத்தை, அதாவது ஒரு பொருள் உண்மையில் எதுவோ அதை, நேரில் கண்டால்தான் அது அறிவு என்று எழுதியிருக்கிறாய். இதே ஆசைதான் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதில் நான் தத்துவவாதி ஹெகலின் கட்சி.

நமக்குத் தெரிபவை தோற்றங்கள் மட்டுமே, பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நம் அறிவுக்கு எட்டாது என்று 1781இல் கோடு கிழித்தார் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். அந்தத் 'தன்னளவிலான பொருள்' இல்லாமல் கான்ட்டின் தத்துவத்துக்குள் நுழைய முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கவும் முடியவில்லை என்று 1787இல் எழுதினார் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான யாக்கோபி. வாதங்களை எவ்வளவு நீட்டினாலும் மெய் கிடைக்காது, நேரடி உறுதிதான் அதைத் தரும் என்றார். நீ நிற்பது அவர் பக்கத்தில்.

ஹெகல் நியூரம்பெர்க்கில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது, 1813இல், தர்க்கத்தைப் பற்றிய தன் பெருநூலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். முழுக்க முழுக்கச் சாரத்தைப் பற்றியது அது. 'சாரம் வெளிப்பட்டே ஆக வேண்டும்' என்றுதான் அதன் நடுப்பகுதி தொடங்குகிறது. எனக்கு அந்த நூலிலேயே மிகவும் பிடித்த வரி அது. வெளிப்படாமல் எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருக்கும் சாரம் வெறும் சொல். தோன்றித்தான் அது சாரமாகிறது.

நேரடி அறிவே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. நீ வயலின் வாசிக்கிறாய். விரல் யோசிக்காமல் காந்தாரத்தில் போய் நிற்கிறது. அந்த நொடியில் அது நேரடியானதுதான். ஆனால் அதற்குள் எத்தனை வருடச் சாதகம் இருக்கிறது, எத்தனை முறை ஆசிரியர் திருத்தியிருக்கிறார்! யாக்கோபிக்கு எதிராக ஹெகல் வைத்த வாதமே இதுதான். கணித வல்லுநருக்குச் சட்டென்று தோன்றும் விடைக்குப் பின்னால் நீண்ட ஆய்வு கிடக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். விண்ணிலோ இயற்கையிலோ மனத்திலோ, நேரடித்தன்மையும் இடையீடும் (வேறொன்றின் வழியாக வந்து சேர்வதும்) சேர்ந்தில்லாத எதுவுமே இல்லை என்றும் எழுதினார். நீ திரை என்று நினைப்பவை, சாரம் உன்னிடம் வந்து சேர்ந்த வழி.

இயற்கையின் உள்ளே எந்தப் படைப்புயிரின் மனமும் புக முடியாது என்று மருத்துவரும் கவிஞருமான ஹாலர் என்ற சுவிஸ்காரர் பாடியிருந்தார். ஜெர்மன் கவிஞர் கதே அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். இயற்கைக்குக் கொட்டையும் இல்லை, ஓடும் இல்லை, எல்லாம் ஒருசேர அதுவே என்று பதில் கவிதை எழுதினார். ஹெகல் தன் தத்துவத்தைச் சுருக்கித் தந்த 'கலைக்களஞ்சிய'த்தின் 140ஆம் பத்தியில் கதேயின் பக்கம் நிற்கிறார்.

அந்தப் பத்தியோடு, ஹெகல் இறந்த பிறகு மாணவர்களின் குறிப்புகளிலிருந்து சேர்த்த விளக்கமும் இருக்கிறது. அதை அவசியம் படி. மனிதன் எதைச் செய்கிறானோ அதுவே அவன் என்கிறார். உள்ளுக்குள் உயர்ந்த இலட்சியங்கள் நிறைந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மோசமான ஓவியனுக்கு அந்த ஆறுதல் உதவாது. படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனால் மறுக்க முடியவில்லை.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சூழ்நிலை கைகொடுக்காததால் நல்ல நோக்கம் நிறைவேறாமல் போகலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அங்கே நிற்காமல் போய்விடுகிறார். எழுத்தே கற்றுத்தரப்படாத ஒருவருக்குள் இருந்த கவிதையை என்னவென்று சொல்வது? வெளிப்படாததால் அது இல்லை என்றால் அநியாயம். வெளிப்படாமலே முழுமையாக இருந்தது என்றால் நாம் மறுபடியும் யாக்கோபியிடமே போய்விடுகிறோம். தடுக்கப்பட்டதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை ஹெகலின் தர்க்கத்துக்குள் இருந்தே காட்ட முடியும் என்றுதான் நினைக்கிறேன். 1813 நூலில் 'நிபந்தனை' பற்றி வரும் பக்கங்களில் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு பொருளின் நிபந்தனைகள் எல்லாம் கூடும்போது அது இருப்புக்கு வருகிறது என்கிறார் அங்கே. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு எழுது. நேரடி அறிவை நம்பும் நீ அதை எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்