பிங்க் ஃபிளாய்ட் பார்த்த அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டு பிரித்தாகிவிட்டது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு.

போன தடவை வந்தபோது பீரோ மேல்தட்டில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனாயே, பிங்க் ஃபிளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் 27 டிஸ்க் உள்ள பெட்டி, அதை இறக்கினேன். அப்பா சீக்கிரம் தூங்கிவிடுகிறார். உன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு மட்டும் இருக்கிற டிஸ்க்குகளை இன்னும் தொடவில்லை. அவர்கள் ஆரம்ப காலத்தில் டிவியில் வாசித்ததையெல்லாம் தேடிச் சேர்த்துச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நீ கீபோர்டு வாசிக்கிற காலத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கை பார்த்ததே இல்லை. இப்போது இவர்கள் கையைப் பார்க்கிறேன்.

முதல் ராத்திரியே 1967 மே 14-ல் பிபிசியில் வந்த நிகழ்ச்சி கிடைத்தது. ஹான்ஸ் கெல்லர் என்று ஒருவர் பேசுகிறார். வியன்னாக்காரர், நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர், வயலின் வாசித்தவர், மொசார்ட்டும் ஹைடனும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குழுவின் பையன்கள் வாசித்து முடித்ததும், பாட்டெழுதிப் பாடிக் கிடாரும் வாசிக்கிற சிட் பேரட்டையும் பேஸ் கிடார் வாசிக்கிற ரோஜர் வாட்டர்ஸையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் இதெல்லாம் இவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். நம் கூடத்தில் நின்று நான் உன்னிடம் கேட்ட கேள்வி அது, தம்பி. பதில் சொல்ல உனக்கு நான் நேரம் கொடுத்ததில்லை. சிட்டுக்கு அப்போது 21 வயது, ரோஜருக்கு 23. கோபமே இல்லாமல், எங்களுக்கு இப்படித்தான் பிடிக்கிறது என்கிற மாதிரி மரியாதையாகப் பதில் சொல்கிறார்கள். கெல்லருக்கு அந்த இசை பிடிக்கவே இல்லை. ஆனாலும் கடைசியில், இது கொஞ்சம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிப் போவதுதான், இருந்தாலும் என்ன, ஏன் கூடாது என்று முடிக்கிறார். அந்தக் கடைசி வார்த்தையை நானும் உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

நம் கையில் இவ்வளவு கிடைத்திருப்பதே பெரிய விஷயம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலையும் அதிகம். அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1969 ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கியபோது இந்தப் பையன்கள் பிபிசி ஸ்டுடியோவில் இருந்து நேரலையில் மனோதர்மமாக வாசித்திருக்கிறார்கள். அதில் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது, படம் போய்விட்டது. 1967 ஜூலையில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்கிற பிபிசி பாட்டு நிகழ்ச்சிக்கு மூன்று தடவை போயிருக்கிறார்கள். எல்லாம் அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தபோது, சேதமான ஒரு பதிவு ரொம்ப காலம் கழித்து வெளியே வந்திருக்கிறது. அதையும் பார்த்தேன். படம் இழுபடுகிறது, கோடு கோடாக ஓடுகிறது. எவ்வளவு சுத்தம் செய்தும் அவ்வளவுதான் வந்திருக்கிறது போல. இல்லாததை இட்டு நிரப்பாமல் விட்டார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கலங்கலுக்கு நடுவில் சிட்டின் முகம் தெரிகிற நொடிக்காக நான்கைந்து தடவை பின்னால் ஓட்டினேன்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது 1968 பிப்ரவரிக்காக.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஜனவரியில் சிட்டுக்கு உடம்பும் மனசும் சரியில்லை. கேம்பிரிட்ஜில் அவனோடு சேர்ந்து கிடார் பழகிய டேவிட் கில்மரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருநாள் கச்சேரிக்குப் போகிற வழியில் சிட்டைக் கூட்டிக்கொள்ளப் போகவில்லை. அவ்வளவுதான், அதன் பிறகு கூப்பிடவே இல்லை. சில வாரத்திலேயே பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியம் டிவிக்காகப் படம் எடுக்கிறார்கள். ஓடுவது இசைத்தட்டு, அதில் பாடுவது சிட். இங்கே ரோஜர் அவன் குரலுக்கு வாயசைக்கிறான். டேவிட், சிநேகிதன் வாசித்து வைத்ததற்குக் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். குரல் இருக்கிறது, ஆள் இல்லை.

நாற்பது வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறவள் நான். விரல் கம்பியில் இருந்தும் அழுத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். டேவிட்டின் இடது கை அப்படித்தான் இருந்தது. யார் வீட்டுக்கோ போய் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரு கூச்சம் அந்தத் தோளில் தெரிந்தது. படத்தைச் சுத்தம் செய்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது. பழைய கலங்கல் பிரதியாக இருந்திருந்தால் ஒரு பையன் கிடாரோடு நிற்கிறான் என்பதோடு போயிருக்கும்.

அதே பிப்ரவரி 20, பாரிஸ். இங்கே இசைத்தட்டு கிடையாது, நால்வரும் நேராகவே வாசிக்கிறார்கள். சிட் எழுதிய 'ஃபிளேமிங்' பாட்டை டேவிட் தன் குரலிலேயே பாடுகிறான். கை இறுகியிருக்கிறது, அழுத்தம் வந்துவிட்டது. இன்னும் அவன் பாணி முழுசாக வரவில்லை, சிட்டின் சாயல் இருக்கிறது. ஆனால் வாசிக்கிறவன் அவன்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு அழுதுவிட்டேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கேட்டபோது விளங்கியது.

1970-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு டிவிக்காக வாசித்ததில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. 'கிராண்ட்செஸ்டர் மெடோஸ்' பாட்டுக்கு ரோஜரும் டேவிட்டும் சாதாக் கிடாரை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையைப் பற்றி மெதுவாகப் பாடுகிறார்கள். இதையும்தானே நீ அறைக்குள் போட்டுக் கேட்டிருப்பாய்? சத்தமாக இருந்தது மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தவர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ரிச்சர்ட் ரைட். கேமரா அவரை அதிகம் கண்டுகொள்வதில்லை. ஓரத்தில் தலை குனிந்து வாசிக்கிறார். ஒரு கட்டையை விட்டு அடுத்த கட்டைக்குப் போக விரலுக்கு மனசே வராது. நீயும் அப்படித்தான் வாசிப்பாய் என்று உன் தங்கை சொன்னாள்.

பிளஸ் டூ வருஷம் உன் கீபோர்டின் அடாப்டரை எடுத்து ஒளித்து வைத்தேன். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன். நீ கேட்கவில்லை, நானும் தரவில்லை. அதைத் தப்பு என்று இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட உன்னிடம் சொன்னதில்லை. தப்புதான், தம்பி.

நேற்று பரணிலிருந்து கீபோர்டை இறக்கி, உறையைத் துவைத்துப் போட்டேன். அடாப்டர் பத்திரமாகத்தான் இருந்தது, மாட்டினேன். விளக்கு எரிகிறது. நடுவில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்ப மாட்டேன் என்கின்றன, மற்றதெல்லாம் பேசுகின்றன. இங்கேயே யாரிடமாவது காட்டிச் சரிசெய்து வைக்கட்டுமா, இல்லை நீ வந்து பார்த்துக்கொள்வாயா? டிசம்பரில் எத்தனை நாள் இருப்பாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா