சின்ன திருட்டுக்கு ஜெயில் வேண்டாம், பாசன சானல்ல வேலை குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களுக்கு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கு. 2022-ல காயப்போட்டிருந்த ஷீட்டு 15 கிலோவ ராத்திரி ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான், 2,500 ரூவா வரும் அவ்வளவுதான். கம்ப்ளைன்ட் குடுத்தது நான்தான். பிடிச்சப்போ பாத்தா எங்க மரத்துல பால் வெட்டுறவரோட மவன், 19 வயசு. ஒரு மாசத்துக்கு மேல ரிமாண்ட்ல கெடந்தான், வெளிய வந்ததும் உள்ள பழகுன ரெண்டு பேரு அவன் வீட்டத் தேடி வர ஆரம்பிச்சாங்க, அடுத்த கேஸ் பைக் திருட்டு. அவன் அப்பா இன்னும் எங்களுக்குத்தான் வெட்டுறாரு, ஆனா என் முகம் பாத்து பேசுறதில்ல. அது எனக்கு தாங்க முடியல.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1-லருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல இதுக்கு வழி இருக்கு. 5,000 ரூவாய்க்கு குறைஞ்ச திருட்டு, முதல் தடவ தண்டனை வாங்குறவன், பொருளையோ பணத்தையோ திருப்பி குடுத்துட்டான்னா அவனுக்கு சமூக சேவைதான் தண்டனை, சம்பளம் கெடையாது. குடிச்சிட்டு ரோட்டுல ரகளை பண்றவனுக்கும் கோர்ட்டு இத குடுக்கலாம். அதுக்கும் முன்னாடியே 1958-ல வந்த நன்னடத்தை சட்டம் இருக்கு, 21 வயசுக்கு கீழ உள்ளவங்கள சின்ன குற்றத்துக்கு ஜெயிலுக்கு அனுப்பணும்னா ஏன்னு காரணம் எழுதி வைக்கணும்னு அது சொல்லுது.

திருடனுக்கு இது ஒரு தண்டனையான்னு எங்க வீட்லயே கேக்குறாங்க. சொந்த ஊர்ல, தெரிஞ்சவங்க போற வழியில, சானல்ல முட்டளவு தண்ணில நின்னு ஆகாயத்தாமரை வாரிப் பாத்தாதான் தெரியும். ஆனா ஒண்ணு, அத போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட யாரையும் விடக்கூடாது, அப்புறம் அவனுக்கு ஊர்ல ஒருத்தரும் வேலை குடுக்கமாட்டாங்க.

சட்டத்துல எத்தன மணி நேரம், என்ன வேலைன்னு எழுதல, அது கோர்ட்டு கையில இருக்கு. அதனால பஞ்சாயத்துகளும் நீர்வளத்துறையும் எந்த எடத்துல ஆள் வேணும்னு ஒரு லிஸ்ட் எழுதி நாகர்கோவில், தக்கலை, குழித்துறை கோர்ட்டுகள்ல குடுக்கணும், பாத்துக்கிட நன்னடத்தை அலுவலர் கூட ஒரு ஆளயும் போடணும். பட்டணங்கால் சானல்ல செடி மண்டிக் கெடக்குற இடம் நெறைய இருக்கு, பேச்சிப்பாறை அணை தண்ணி திறக்குறதுக்கு முன்னால அங்கயே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குலசேகரம்