சோற்றுப்பானையும் ஒரு வரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கவிதைக்கென்று இடம் ஒதுக்கி வருகிறீர்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து டீக்கடைகளில் நாளிதழ் தனித்தனித் தாளாகப் பிரிந்து கைமாறும். ஒருவர் உரக்க வாசிக்க, நாலு பேர் காது கொடுப்பார்கள். எழுதியவரின் பெயர் அச்சில் வருவது சந்தோஷம்தான். முகம் தெரியாத ஒருவர் அந்த வரியைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் காட்டும்போது அந்தச் சந்தோஷம் பல மடங்காகிறது. கீழக்கரை சீதக்காதி உமறுப் புலவரை ஆதரித்த காலத்தில் பாட்டு அரங்கேற ஒரு வள்ளல் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கவிதை ஊரெல்லாம் போய்ச் சேர உங்கள் பக்கத்தின் ஒரு மூலை போதும். அந்த மூலையில் கவிதை சிதையாமல் வரவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் சிக்கல் வரி மடிவது. எடுத்துக்காட்டுக்காக எழுதிய மூன்று வரிகள் இவை (கச்சான் என்பது மேற்குக் காற்று, வத்தை என்பது சிறு படகு):

கச்சான் அடங்கவில்லை
கரையில் கவிழ்ந்து கிடக்கிறது வத்தை
சோற்றுப்பானையும்.

செய்தித்தாளின் ஒற்றைப் பத்தி அகலத்தில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் ஒரு வரியில் நிற்பதில்லை. நடுவரி மடங்கி, ‘வத்தை’ கீழே இறங்கும். பக்கம் கட்டுபவர் இடம் மிச்சப்படுத்த அதோடு கடைசிச் சொல்லையும் சேர்த்து ‘வத்தை சோற்றுப்பானையும்’ என்று ஒரே வரியாக்கிவிட்டால் கவிதை அங்கேயே செத்தது. கவிழ்ந்த படகைப் பார்த்த கண், ஒரு கணம் நின்று, பிறகுதான் கவிழ்ந்த பானையைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அது தனி வரி. மடங்கும் பகுதியை இரண்டு எழுத்து உள்ளே தள்ளி அச்சிட்டால், அது முந்தைய வரியின் மிச்சம் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். செய்தியைப் போல இருபுறமும் ஓரம் நேராக்குவதும் வேண்டாம். சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

மரபுக் கவிதைக்கு இன்னும் கவனம் தேவை. வெண்பாவின் நாற்சீர் அடி (சீர் என்பது அடியை அளக்கும் துண்டு) ஒற்றைப் பத்தியில் அடங்காது, இரண்டு பத்தி அகலம் கொடுங்கள். ஈற்றடி மூன்று சீரில் குறுகி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தியை, அதாவது சேர்ந்து நிற்கும் சொற்களை, பிரிப்பது அதைவிட ஆபத்து. ‘வலையிழுத்த’ என்பது நிரை நிரை நேர் என்ற மூன்று அசை கொண்ட ஒரே சீர், அதன் வாய்பாடு கருவிளங்காய். ‘எளிமையாக இருக்கட்டுமே’ என்று ‘வலை இழுத்த’ எனப் பிரித்தால், அந்த அடியில் ஒரு சீர் கூடி, சீர்களை இணைக்கும் தளையும் தட்டும். யாப்பு தெரிந்த வாசகர் பிழையை எழுதியவர் தலையில்தான் கட்டுவார்.

அனுப்புகிறவர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. கவிதையைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அலுவலகத்தில் யாரோ மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ர-ற, ல-ள-ழ, ன-ண எல்லாம் அங்கேதான் இடம் மாறுகின்றன. பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து ‘கொ’ உடையும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகிவிடும். யுனிகோடில் அடித்து மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்புவது நல்லது. வரி முறிவைக் காட்ட மட்டும் ஒரு பிடிஎஃப் கூட வைக்கலாம். கையால் எழுதுவோர் தாளின் ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுத வேண்டும். கவிதையின் ஒரு கண்ணி (வரித்தொகுதி) தாளின் அடியில் முடிந்தால் அங்கே ஓர் உடுக்குறி (*) போடுங்கள். இல்லையென்றால் அடுத்த தாளின் முதல் வரி அதோடு ஒட்டிக்கொள்ளும். பெயரும் முகவரியும் கவிதை இருக்கும் தாளிலேயே இருக்கட்டும், உறை தனியே போய்விடும். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம்.

எங்கள் கடற்கரைச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பாடு’ என்று மீன்பிடியைச் சொன்னால் அது ‘பாட்டு’ என்று திருத்தப்படக்கூடும். ‘நீவாடு’ என்ற நீரோட்டம் எழுத்துப்பிழை போலத் தெரியும். கச்சான் இங்கே மேல்காற்று, இலங்கைத் தமிழர்க்கோ நிலக்கடலையும்கூட. சொல்லை மாற்றாதீர்கள். கவிதைக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வத்தை: சிறு படகு’ என்று ஒரு குறிப்பு போதும், அதை எழுதியவரே சேர்த்து அனுப்பிவிட வேண்டும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று கடற்பாசி எடுக்கும் பெண்கள் வாயில் புழங்கும் பெயர்கள் அச்சேறினால், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டி வாசிப்பார்கள்.

நினைவு நாள் பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடிக் கவிதையை டிசம்பர் 20ஆம் தேதி அனுப்பிப் பயனில்லை, இணைப்புப் பக்கங்கள் முன்கூட்டியே கட்டப்படுகின்றன. நவம்பர் பாதியில் அனுப்புங்கள். தகவலும் சரியாக இருக்கட்டும். 1964 டிசம்பர் 22 இரவு அந்த ஊரை அழித்தது புயல், சுனாமி அல்ல. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து எழுந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி முழுதாக, நெட்டுக்குத்தாக உயர்கிறது. இன்றைய பாலத்தைப் பாடிவிட்டு ‘இரு கை விரித்து’ என்று எழுதினால் இங்குள்ள பள்ளிப்பிள்ளையே சிரிக்கும்.

வெளியான பிறகு பகிர்வதிலும் ஓர் இழப்பு நேர்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பக் கவிதையை மட்டும் வெட்டிப் படமெடுக்கிறார்கள். இரண்டு கை மாறியதும் பெயர் இல்லை, நான்கு கை மாறியதும் வேறொருவர் பெயர். தலைப்பு, பெயர், இதழ், தேதி நான்கும் ஒரே படத்துக்குள் வரவேண்டும். ஊதியத்துக்குப் பணிபுரியாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கவிதைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவரே உரிமையாளர். பின்னால் தொகுப்பாகப் போடலாம், இதழுக்கு நன்றி சொல்வது மரியாதை.

தாளைப் பாதுகாக்க நினைப்போர் பலரும் செய்வது லாமினேஷன். அதைச் செய்யாதீர்கள். செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், உறைக்குள்ளும் அது நிற்காது, திரும்பப் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகும். உப்புக்காற்று ஈரத்தை இழுப்பதால் எங்கள் வீடுகளில் இது இன்னும் விரைவு. வெளியான வாரமே நல்ல வெள்ளைத் தாளில் நகல் எடுங்கள், அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து வையுங்கள். மூலத்தாளை ஒட்டாமல் மடிக்காமல் அட்டைக்குள் வைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வசம்போடு வைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். கவிஞர் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரையும் சேருங்கள். ‘அட, நம்ம வேதாளைப் பிள்ளையா’ என்று தேடிப்போய் இரண்டு வார்த்தை சொல்ல அது வழி. செய்திகளுக்கும் கட்டுரைகளுக்கும் வரும் வாசகர் கடிதங்களோடு கவிதைக்கு வரும் கடிதம் ஒன்றையும் வாரத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். அஞ்சலட்டையில் நாலு வரி வந்தால்கூடப் போதும்.

கவிதை எழுதுவோரும் வாசிப்போருமாகச் சிலர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.