சோளப்பொத்தி கொடுத்தனுப்பும் பெற்றோருக்கு

கொழும்பு

அன்பான பெற்றோர்களே,

பெரும்போகச் சோளம் சந்தைக்கு வரத் தொடங்கியதிலிருந்து பல பிள்ளைகள் இடைவேளைக்கு அவித்த பொத்தி கொண்டுவருகிறார்கள். பிஸ்கட்டை விட எவ்வளவோ மேல், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் சில பெட்டிகளைத் திறந்ததும் புளித்த வாடை வருகிறது, மணிகள் கையில் பிசுபிசுக்கின்றன. அதைச் சாப்பிட நாங்கள் விடுவதில்லை. பிள்ளை பசியோடு இருந்துவிடுகிறது.

வாங்கும்போது மடலின் நுனியைச் சற்று விலக்கி ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். பால் போலத் தெறித்தால் பதம். தெளிந்த நீர் வந்தால் பிஞ்சு, மாவாக இருந்தால் முற்றல். முழுவதையும் உரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள். உரித்த பொத்தி மாலைக்குள் வாடி, கடைக்காரருக்கு நட்டமாகும்.

பறித்த நேரத்திலிருந்தே சோளத்தின் சீனி மாச்சத்தாக மாறுகிறது, சூட்டில் இன்னும் வேகமாக. அனுராதபுரத்திலிருந்தோ மொனராகலையிலிருந்தோ லொறியில் வந்து சேர்வதற்குள் இனிப்பில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே அன்றே அவியுங்கள். முடியாவிட்டால் கழுவாமல், மடலோடு பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம்.

சுவீட் கோர்ன் கொதிநீரில் 5 முதல் 7 நிமிடத்தில் வெந்துவிடும். நாட்டுச் சோளத்துக்கு 30 முதல் 40 நிமிடம் வேண்டும். உப்பை இறக்கும்போது போட்டால் போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். சுடச்சுடப் பெட்டியில் போட்டு மூடினால் ஆவி மூடியில் துளித்து மணிகள் மேலேயே சொட்டும். அந்த ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் இடைவேளை வரை இருந்தால் புளிக்காமல் என்ன செய்யும்? காலையில் அவித்து, நீரை வடித்து, சுளகில் பரப்பி 20 நிமிடம் ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். இரவே அவிப்பதானால் அடுப்படியில் விட்டுவிடாமல் இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டு அனுப்புங்கள். தேங்காய்ப்பூ தூவ வேண்டாம், அது சோளத்துக்கு முன்பே புளித்துவிடும்.

தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பால்பல் ஆடும் காலம். அவர்களுக்கு மணிகளைக் கத்தியால் சீவி, கரண்டியும் வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அவித்த பின் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் பிடித்துச் சாப்பிட வசதி. எஞ்சும் தண்டைப் பெட்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வடிகானில் விழுந்தால் அடைத்துக்கொள்கிறது.

இவ்வண்ணம்,
அதிபர்