சியாங் மாய் விமான நிலையத்தில் உதவிய அம்மையாருக்கு நன்றி

விசாக் காலம் முடியும் நாளன்று, தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எனக்கும் என் தாயாருக்கும் கைகொடுத்துவிட்டு, பெயரைக் கேட்டும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்ட அந்தத் தாய்லாந்து அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றி.

வாடகை வண்டிக்காரர் எங்களை உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிட்டிருந்தார். அம்மா மூச்சு வாங்குவதைக் கண்ட அந்த அம்மையார், பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு பன்னாட்டு முனையம் வரை உடன் நடந்தார். மலேசியா செல்வோர் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையைப் பயணப் பதிவு முகப்பில் கேட்டபோது, என் கைப்பேசியில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்ததால், தம் கைப்பேசியின் இணைப்பைத் தந்து, அம்மாவின் கடவுச்சீட்டு எண்ணை ஒவ்வோர் எழுத்தாக, விரல் வைத்து, நிதானமாக வாசித்தார். பதற்றத்தில் இருப்பவரிடம் அவசரம் காட்டாதிருப்பது எவ்வளவு பெரிய உதவி!

அன்று விமானம் தவறியிருந்தால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். பணத்தைவிட, காலம் கடந்து தங்கியதாகப் பதிவாகிவிடுமே என்பதுதான் என் கவலை. குடியேற்ற அதிகாரி புறப்பாட்டு முத்திரையை இட்ட பிறகே அது தீர்ந்தது.

இவ்வழி செல்வோர் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்பித் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுமாறு, அந்த அம்மையார் எங்களிடம் சொன்னதையே கேட்டுக்கொள்கிறேன்.