குழாய் இருக்கிறது, ஓடை காட்டுக்குள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில் ஒரு சிற்றூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டியின் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பழம் பறிக்கும் பையை அவர் அந்தக் குழாயில்தான் மாட்டி வைக்கிறார். எழுபது வயதுக்கு மேலும் குடத்தோடு ஊற்றுக்கு ஏறி இறங்குகிறார். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. பாட்டிக்குக் கிடைப்பது தானே சுமந்து வரும் இரண்டு குடம்.

பணம் இல்லாமல் நின்ற வேலையும் இல்லை இது. தொட்டி கட்டியாயிற்று. புதிதாகப் போட்ட சிமென்ட் சாலையை உடைத்துக் குழாயும் பதித்தாயிற்று. தண்ணீர் எடுக்க வேண்டிய ஓடை காப்புக்காட்டுக்குள் இருக்கிறது, அங்கே குழாய் போட அனுமதி வேண்டும் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வந்தது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் வனத்துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால், விண்ணப்பமே வரவில்லையே என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை கெடுகிறது.

இத்தனைக்கும் 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) பிரிவு இதற்காகவே இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாலை, பள்ளி, அங்கன்வாடி போன்ற அரசு வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்று வரம்பும் உண்டு. எங்கள் குழாய்க்கு ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம், ஒற்றையடிப் பாதை ஓரமாகவே கொண்டுவந்துவிடலாம். வனத்துறை கறாராக இருப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. மேலே சோலை இருப்பதால்தான் சித்திரையிலும் ஓடை வற்றாமல் இருக்கிறது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். நான் போன கூட்டங்களில் வனத்துறையிலிருந்து ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வரவு செலவு வாசிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், சரி, முடிந்தது. முன்பாவது ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்போம். 2025 ஜனவரியில் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. அப்புறம் அந்தத் திண்ணையும் இல்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இதுதான். மலை ஊராட்சிகளில் குடிநீர் வேலைக்கு மதிப்பீடு போடும் முன்பே பொறியாளரும் வனச்சரகரும் சேர்ந்து ஓடையைப் பார்க்கட்டும். அனுமதி கைக்கு வந்த பிறகு தெருவைத் தோண்டட்டும். எங்கள் ஊரின் அடுத்த கிராம சபைக்கு இருவரும் ஒன்றாக வரட்டும், தீர்மானத்தை அன்றைக்கே எழுதிக் கொடுக்கிறோம். ஓடைக்கு முக்கால் மணி நேர நடைதான். அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
கீழ்ப்பழனி மலை, திண்டுக்கல் மாவட்டம்.